உடைத்து விற்ற விக்ராந்த் எப்படித் திரும்பி வந்தது? போர்க்கப்பல் பெயர்களைப் படிப்பது எப்படி?

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில், ஓர் இரவு முழுக்கச் சில தொலைக்காட்சிகள் இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தன. அந்தச் செய்தியில் திரும்பத் திரும்ப வந்த பெயர் ஐஎன்எஸ் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல். (ஐஎன்எஸ் என்றால் இந்தியக் கடற்படைக் கப்பல்.) விடிந்ததும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தது.

அந்தப் பெயர் வேறு ஒரு குழப்பத்தையும் கிளப்பியது. விக்ராந்தை 2014லேயே உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்களே, அதன் இரும்பில் மோட்டார் சைக்கிள்கூட வந்ததே, அப்படியென்றால் இது எது? 1971 போரில் கராச்சியை எரித்தது விக்ராந்த்தான் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. அந்தப் போர் முழுவதும் விக்ராந்த் வங்காள விரிகுடாவில்தான் இருந்தது.

போர்க்கப்பல்களுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தப் பெயர் போரில் என்ன வேலை செய்கிறது என்பதும் கூடவே புரியும்.

பெயர் வேறு, உடல் வேறு, வகுப்பு வேறு

ஒரு போர்க்கப்பலைப் பற்றிய செய்தியில் நான்கு விஷயங்கள் கலந்து கிடக்கும். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

1. உடல். கட்டும் தளத்தில் உருவாகும் இரும்பு. அதற்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் 30 முதல் 40 ஆண்டுகள். அதன்பின் உடைப்பார்கள், அருங்காட்சியகம் ஆக்குவார்கள், அல்லது ஏவுகணைச் சோதனைக்கு இலக்காக வைத்து மூழ்கடிப்பார்கள்.

2. பெயர். இது கடற்படையின் சொத்து. உடல் போனபின் பெயர் கடற்படையிடமே திரும்பிவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல, சில ஆண்டுகள் கழித்து இன்னொரு உடலுக்கு அதைச் சூட்டுவார்கள்.

3. வகுப்பு. ஒரே வரைபடத்தில் கட்டப்படும் கப்பல்களின் கூட்டம். அதில் முதலில் வரும் கப்பலின் பெயரே வகுப்புக்கும் பெயராகும். 'கொல்கத்தா வகுப்பு' என்றால் கொல்கத்தா, கொச்சி, சென்னை ஆகிய மூன்று கப்பல்கள். ஐஎன்எஸ் சென்னை 2016ல் படையில் சேர்ந்தது. செய்தியில் 'கொல்கத்தா வகுப்புக் கப்பல் வந்தது' என்று இருந்தால் வந்தது சென்னையாகவும் இருக்கலாம்.

4. பக்க எண். கப்பலின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும்.

இப்போது விக்ராந்துக்கு வருவோம். முதல் விக்ராந்தின் உடல் இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 'எச்எம்எஸ் ஹெர்குலிஸ்' என்ற பெயரில் கட்டத் தொடங்கியது. 1945 செப்டம்பரில் தண்ணீரில் இறங்கியபோது போர் முடிந்திருந்தது. வேலை பாதியில் நின்றது. 1957ல் இந்தியா வாங்கி, கட்டி முடிக்கச் செய்தது. 1961 மார்ச் 4 அன்று பெல்பாஸ்ட் நகரில் அது ஐஎன்எஸ் விக்ராந்த் ஆனது. 1997ல் ஓய்வு பெற்று, மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக நின்று, 2014ல் உடைபட்டது.

இப்போது இருக்கும் விக்ராந்த் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 2022 செப்டம்பர் 2 அன்று படையில் சேர்ந்தது. 262 மீட்டர் நீளம், எடை 40,000 டன்னுக்கு மேல். பழையதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். இரண்டு உடல்களுக்கும் ஓர் ஆணிகூடப் பொதுவாகக் கிடையாது. ஆனால் பெயரோடு சேர்த்து 'ஆர் 11' என்ற பக்க எண்ணையும் புதியதற்குக் கொடுத்தார்கள். ரிக் வேதத்திலிருந்து எடுத்த பழைய முழக்க வாசகமும் அப்படியே தொடர்கிறது. புதிய மாலுமிக்குப் பழைய மாலுமியின் வரலாறு சொந்தமாகிறது என்பதுதான் இதன் பொருள். கடற்படைகள் இதை உண்மையிலேயே நம்புகின்றன, அதனால்தான் இவ்வளவு கவனமாகச் செய்கின்றன.

'ஐஎன்எஸ்' எப்போது ஒட்டிக்கொள்கிறது?

கட்டுமானத்தில் இருக்கும்வரை கப்பலுக்குத் தள எண் மட்டும்தான். தண்ணீரில் இறக்கும் விழாவில் பெயர் சூட்டுவார்கள். மரபுப்படி ஒரு பெண்மணி சூட்டுவார், இந்தியாவில் தேங்காய் உடைப்பதும் உண்டு. ஆனால் அப்போதும் அது ஐஎன்எஸ் அல்ல. கடற்சோதனைகள் முடிந்து, கடற்படைக் கொடியை ஏற்றிப் படையில் சேர்க்கும் நாளில்தான் அந்த முன்னொட்டு வரும். அந்தக் கொடியை இறக்கும் நாளில் போய்விடும். சட்டப்படி படையில் சேர்ந்த நாள் முதல்தான் அது அரசின் போர்க்கப்பல். 1950 ஜனவரி 26க்கு முன்பு இந்த முன்னொட்டு 'எச்எம்ஐஎஸ்', அதாவது மன்னரின் இந்தியக் கப்பல்.

சரி, தரையில் இருக்கும் ஐஎன்எஸ்கள்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன். இவற்றில் எதுவும் மிதப்பதில்லை.

இது பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்த வழக்கம். அங்கே கடற்படைச் சட்டமும் சம்பளக் கணக்கும் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் பொருந்தும். கரையில் வேலை பார்ப்பவரையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர, கரை நிலையத்துக்கே கப்பல் பெயர் வைத்தார்கள். 'கல்லால் ஆன ஃபிரிகேட்' என்று மாலுமிகள் அவற்றை அழைத்தார்கள் (ஃபிரிகேட் ஒரு வகைப் போர்க்கப்பல்). இந்தியா அதைத் தொடர்கிறது.

அதில் ஓர் அழகான ஒழுங்கும் இருக்கிறது. கடற்படையின் விமான நிலையங்களுக்கெல்லாம் பறவைப் பெயர். கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்சா, விசாகப்பட்டினத்தில் டேகா (தெலுங்கில் ஒரு வேட்டைப் பறவை), தமிழ்நாட்டில் ராஜாளியும் பருந்தும். நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் ராஜாளியிலிருந்து பறக்கின்றன. கட்டபொம்மன் நிலையத்தின் வேலை வேறு. சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் புகாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை ஓரளவு ஆழத்துக்குப் புகும். அந்த அலையில் செய்தி அனுப்பும் நிலையம் அது. நீர்மூழ்கி மேலே வந்து தன்னைக் காட்டிக்கொள்ளாமலே கட்டளையைப் பெற முடியும்.

பெயரைப் பார்த்து வேலையைக் கண்டுபிடிக்கலாம்

இந்தியக் கடற்படைப் பெயர்கள் தோன்றியபடி வைக்கப்படுவதில்லை. கடற்படைத் தலைமையகத்தில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும் ஒரு பெயர்க் குடும்பம் உண்டு. விதிவிலக்குகள் இருந்தாலும் பெரும்பாலும் இப்படிப் பிரிக்கலாம்:

1. நாசகாரிக் கப்பல்: நகரங்கள், வீரர்கள். டெல்லி, கொல்கத்தா, விசாகப்பட்டினம், இம்பால்; முன்பு ராஜ்புத், ராணா, ரஞ்சித். விமானம், கப்பல், நீர்மூழ்கி மூன்றையும் எதிர்க்கக்கூடிய பெரிய கப்பல். விமானந்தாங்கிக்குக் காவலாகச் செல்வதும் இதுதான்.

2. ஃபிரிகேட்: ஆறுகள், மலைகள், ஆயுதங்கள். கோதாவரி, பிரம்மபுத்ரா, நீலகிரி, சஹ்யாத்ரி, தல்வார், திரிசூல். நாசகாரியைவிடச் சற்றுச் சிறியது. மற்ற கப்பல்களுக்குப் பாதுகாப்பாகக் கூடவே வருவது முக்கிய வேலை.

3. நீர்மூழ்கியை வேட்டையாடும் சிறு கப்பல்: தீவுகள். கமோர்ட்டா, கில்தான், கவரத்தி, அர்னாலா. 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் சேர்ந்த அர்னாலா, கரையோர ஆழமற்ற நீரில் நீர்மூழ்கி தேடுவதற்கானது. பழைய அர்னாலா 1972 முதல் 1999 வரை இருந்தது. அதன் வேலையும் நீர்மூழ்கி வேட்டைதான். பெயரும் வேலையும் சேர்ந்தே திரும்பியிருக்கின்றன.

4. நீர்மூழ்கி: மீன்கள், கடல் தொடர்பான சொற்கள். 'கல்வரி' என்பது மலையாளத்தில் ஒரு சுறாவின் பெயர். 1967ல் வந்த முதல் இந்திய நீர்மூழ்கிக்கு அதுதான் பெயர், 2017ல் வந்ததற்கும் அதுவே.

5. கண்ணிவெடி அகற்றும் கப்பல்: கடலோர ஊர்கள். பாண்டிச்சேரி, கடலூர், கார்வார்.

6. படையையும் டாங்கிகளையும் கரையில் இறக்கும் கப்பல்: பெரிய விலங்குகள். மகர், கரியால், ஐராவத்.

ஒரே வகுப்பில் முதலெழுத்தைப் பொருத்துவதும் உண்டு. பிரம்மபுத்ரா, பெட்வா, பியாஸ் மூன்றும் ஆறுகள், முதலெழுத்தும் ஒன்று. தல்வார் வகுப்பில் திரிசூல், தபர், தேக், தர்கஷ், துஷில், தமால் என்று எல்லாமே ஆயுதமும் போர்க்கருவியும்தான்.

இந்த ஒழுங்கு எவ்வளவு பேசும் என்பதற்கு ஜப்பானைவிட நல்ல உதாரணம் இல்லை. 1942 ஜூனில் மிட்வே போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. அகாகி, ககா, சோர்யு, ஹிர்யு. கடைசி இரண்டும் 'நீல டிராகன்', 'பறக்கும் டிராகன்'. விமானந்தாங்கிக்கு ஏற்ற பெயர்கள். ஆனால் அகாகி ஒரு மலை, ககா ஒரு பழைய மாகாணம். ஜப்பானிய வழக்கில் மலைப் பெயர் போர்க்குரூசர் என்ற வேகமான பெரிய போர்க்கப்பலுக்கும் மாகாணப் பெயர் பெரும் போர்க்கப்பலுக்கும் உரியவை. அந்த இரண்டும் அப்படித்தான் கட்டத் தொடங்கப்பட்டன. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் பெரிய போர்க்கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதால், பாதி கட்டிய உடல்களை விமானந்தாங்கியாக மாற்றினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. ஓர் ஒப்பந்தத்தின் தடம் அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

வாங்கிய கப்பலும் பங்கு பிரித்த கப்பலும்

1947ல் நாடு பிரிந்தபோது கப்பல்களும் பிரிந்தன. 'நர்மதா' பாகிஸ்தானுக்குப் போய் 'ஜீலம்' ஆனது. 'கோதாவரி' போய் 'சிந்து' ஆனது. கிருஷ்ணாவும் காவேரியும் இந்தியாவிலேயே இருந்துவிட்டன. உடலைக் கணக்குப்போட்டுப் பங்கிட முடிந்தது. பெயரை அப்படிப் பங்கிட முடியவில்லை. எந்த ஆறு யார் மண்ணில் ஓடுகிறது என்று பார்த்து மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த 20 ஆண்டுகள் இரண்டு நாடுகளும் பெரும்பாலும் பழைய கப்பல்களை வாங்கித்தான் கடற்படையை வளர்த்தன. 1939 டிசம்பரில் ஜெர்மனியின் கிராஃப் ஷ்பே கப்பலைத் தென் அமெரிக்கக் கடலில் மறித்துச் சண்டையிட்ட மூன்று கப்பல்களில் ஒன்று அகிலிஸ். 1948ல் அதுதான் 'டெல்லி' ஆனது. எச்எம்எஸ் நைஜீரியா 1957ல் ஐஎன்எஸ் மைசூர். எச்எம்எஸ் ரோதர்ஹாம் 'ராஜ்புத்'. பிரிட்டனின் காடிஸ் பாகிஸ்தானின் 'கைபர்'. அமெரிக்க நீர்மூழ்கி டயாப்லோ பாகிஸ்தானின் 'காஸி'. கடைசி மூன்று பெயர்களும் அடுத்த பகுதியில் வரும்.

இன்னும் அண்மையில், இந்தியாவின் இன்னொரு விமானந்தாங்கியான விக்ரமாதித்யா ஆவதற்கு முன்பே இரண்டு பெயர் தாங்கிய உடலும் உண்டு. சோவியத் காலத்தில் அது 'பாகு'. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் பாகு வேறொரு நாட்டின் தலைநகர் ஆகிவிட்டது. கப்பல் 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' ஆனது. 2013ல் இந்தியாவிடம் வந்து விக்ரமாதித்யா.

1971: பெயர்கள் போருக்குப் போனபோது

முதலில் விக்ராந்த். அப்போது அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. விமானந்தாங்கிக்கு வேகம் என்பது தப்பி ஓட மட்டுமல்ல. எதிர்க்காற்று பலமாகக் கிடைத்தால்தான் விமானம் தளத்திலிருந்து எழும்பும். அந்த நிலையிலும் அதைக் கிழக்குக் கடலில் பயன்படுத்த முடிவானது. அங்கே கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்தவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன்.

பாகிஸ்தானுக்கும் இது தெரியும். வங்காள விரிகுடாவரை வந்து தங்கிச் சண்டையிடக்கூடிய நீர்மூழ்கி அவர்களிடம் காஸி ஒன்றுதான். 1971 நவம்பர் 14 அன்று அது கராச்சியிலிருந்து கிளம்பியது. தேடி வந்தது விக்ராந்தை.

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பி ஒளித்துவைத்தார். அதன் பெயரை மட்டும் விசாகப்பட்டினத்தில் விட்டுவைத்தார். ஓய்வுக்குக் காத்திருந்த பழைய ராஜ்புத் கடலுக்குப் போய், விக்ராந்த் பேசுவதுபோல வானொலியில் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கப்பற்படைக்கு வேண்டிய அளவு அரிசியும் காய்கறியும் இறைச்சியும் ஊருக்குள் வாங்கப்பட்டன, ஒற்றர்கள் பார்க்கட்டும் என்று. காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே வந்து காத்திருந்தது.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் துறைமுகத்தைவிட்டு வெளியே வரும்போது, சந்தேகப்பட்ட இடத்தில் ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டது. பிறகு ஊரே அதிரும் வெடிச்சத்தம். மறுநாள் மிதந்து வந்த பொருட்களும் பின்னர் இறங்கிய முக்குளிப்பவர்களும் அது காஸி என்பதை உறுதி செய்தார்கள். உள்ளே இருந்த 90க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ராஜ்புத்தின் குண்டில் மூழ்கியது என்கிறது இந்தியா; தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது என்கிறது பாகிஸ்தான். எது சரியாக இருந்தாலும், அந்த இடத்துக்கு அதை இழுத்து வந்தது அங்கே இல்லாத ஒரு கப்பலின் பெயர்.

காஸி போனபின் விக்ராந்துக்கு வழி திறந்தது. டிசம்பர் 4 முதல் அதன் சீ ஹாக், அலிசே விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் போன்ற இடங்களைத் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானுக்கு (இன்றைய வங்கதேசம்) கடல் வழி அடைபட்டது. இதுதான் விக்ராந்தின் போர். கராச்சியிலிருந்து இந்தியாவின் முழு அகலம் தள்ளி நடந்தது. (2021ல் ஓய்வு பெற்ற ராஜ்புத் வேறு உடல், சோவியத்தில் கட்டியது. அதன் ஓய்வின்போது 'காஸியை மூழ்கடித்த கப்பல்' என்று யாராவது சொல்லியிருந்தால், அது பெயரை வைத்து வந்த பிழை.)

கராச்சிக்குப் போனவை நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள். சோவியத் தயாரிப்பு. கரையோரக் காவலுக்காக வடிவமைத்தவை, தூரம் போக எரிபொருள் போதாது. ஆனால் ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்டிக்ஸ் ஏவுகணைகள். அவற்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய், எதிரியின் வாசலில் அவிழ்த்துவிடலாம் என்பதுதான் திட்டம். கூடவே ரேடார் துணைக்குக் கில்தான், கச்சால் என்ற தீவுப் பெயர் கொண்ட இரண்டு கப்பல்கள். டிசம்பர் 4 இரவு நிர்காத்தின் ஏவுகணைகள் கைபரைத் தாக்கின. வந்தது ஏவுகணை என்றே கைபருக்குத் தெரியவில்லை. விமானம் தாக்குகிறது என்று செய்தி அனுப்பியபடியே மூழ்கியது. கண்ணிவெடி அகற்றும் முஹாஃபிஸ் கப்பல் செய்தி அனுப்பவும் நேரமின்றிப் போனது. நான்கு நாள் கழித்து 'வினாஷ்' என்ற ஒரே படகு, தல்வார், திரிசூல் துணையுடன் திரும்ப வந்து கராச்சி எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்தியது. டிசம்பர் 4 கடற்படை தினம் ஆனது இதனால்தான்.

ஒரு நாட்டின் முதன்மைத் துறைமுகத்தை முடக்கியவை இந்தச் சிறிய படகுகள். இவற்றின் பெயர் இன்று பலருக்கும் தெரியவில்லை என்பது வருத்தமான விஷயம். பெரிய பெயர் சின்னப் பெயர்களின் வரலாற்றையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. 2025 மே இரவில் 'கராச்சி' என்ற சொல் வந்ததும் 'விக்ராந்த்' என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, குக்ரி. கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்தியின் பெயர். குக்ரி, கிர்பான், குத்தார் மூன்றும் 1950களின் இறுதியில் பிரிட்டனிலிருந்து வந்த, நீர்மூழ்கி எதிர்ப்பு ஃபிரிகேட்டுகள். குஜராத் கரையை ஒட்டிய தியூவுக்கு அருகே ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கி இருப்பது தெரிந்து குக்ரியும் கிர்பானும் அதைத் தேடிப்போயின. அது ஹாங்கோர். வங்க மொழியில் சுறா என்று பொருள். பாகிஸ்தான் ஒரே நாடாக இருந்த காலத்தில் வைத்த பெயர். டிசம்பர் 9 இரவு ஹாங்கோர் விட்ட டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதோடு போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலைவிட்டு வரவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் இது.

முகத்தை மாற்றிக்கொள்வது

இருக்கும் கப்பலை இன்னொன்றாகக் காட்டுவது கடற்போரில் பழைய உத்தி. பொய்க்கொடியோடு நெருங்கக்கூட மரபு அனுமதிக்கிறது. ஆனால் சுடுவதற்குமுன் சொந்தக் கொடியை ஏற்றியாக வேண்டும்.

இதைச் சென்னை மறக்காத ஒரு கப்பல் திறமையாகச் செய்தது. ஜெர்மனியின் வடகடல் ஓரத்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய எம்டன். மூன்று புகைபோக்கி கொண்ட அந்தக் கப்பலுக்குப் பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டனின் யார்மத் கப்பல் போலத் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைக் கரைக்கு வந்து, ஏறத்தாழ 130 குண்டுகளைப் போட்டு, துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. உயர்நீதிமன்ற வளாகத்தில் அதற்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அக்டோபர் 28 அன்று பினாங்கில் அதே நான்காவது புகைபோக்கியோடு நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை முடித்துவைத்தது.

அதன் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. 'அவன் சரியான எம்டன்' என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஜெர்மனியிலோ, உயிர் பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள உரிமை பெற்றார்கள். அங்கே பல கப்பல்களுக்கு அந்தப் பெயர் மீண்டும் சூட்டப்பட்டது.

மூழ்கிய பெயரை மறுபடி வைக்கலாமா?

ராசியில்லாத பெயர் என்று ஒதுக்கிவிடலாமே என்று தோன்றும். கடற்படைகள் பெரும்பாலும் நேர்மாறாகவே செய்கின்றன. 1942 மே மாதம் பவளக் கடல் போரில் அமெரிக்காவின் லெக்சிங்டன் மூழ்கியது. அதைக் கட்டிய குவின்சி ஊர்த் தளத்தில் அப்போது இன்னொரு விமானந்தாங்கி உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு வேறு பெயர் முடிவாகியிருந்தது. தளத் தொழிலாளர்கள் மனுக் கொடுத்து, அதற்கு லெக்சிங்டன் என்றே பெயர் மாற்ற வைத்தார்கள்.

இழந்தால் தாங்காது என்று பயந்து முன்கூட்டியே பெயரை எடுத்தவர்களும் உண்டு. ஜெர்மனியிடம் 'டாய்ச்லாந்து' என்ற போர்க்கப்பல் இருந்தது. நாட்டின் பெயரே அதுதான். போர் தொடங்கியதும், 'ஜெர்மனி மூழ்கியது' என்று ஒரு நாள் தலைப்புச் செய்தி வந்துவிடுமே என்று ஹிட்லர் அஞ்சினார். அதை 'லுட்சோவ்' என்று மாற்ற வைத்தார். நாட்டின் பெயரையே கப்பலுக்கு வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். இந்தியா மலை, ஆறு, ஊர் என்று வைத்திருப்பது இந்த வகையிலும் நல்ல முடிவு.

பாகிஸ்தானும் பெயரைக் கைவிடவில்லை. 1975ல் போர்ச்சுகலிடமிருந்து வாங்கிய நீர்மூழ்கிக்குக் காஸி என்று வைத்தது. சீன உதவியுடன் இப்போது கட்டும் நீர்மூழ்கி வகுப்பின் பெயர் ஹாங்கோர். அடுத்த சில ஆண்டுகளில் செய்திகளில் இந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவை 1971ன் உடல்கள் அல்ல.

குக்ரி பெயர் 1989ல் திரும்பி வந்தது, ஒரு புதிய ஏவுகணைக் கார்வெட் (ஃபிரிகேட்டைவிடச் சிறிய போர்க்கப்பல்) வகுப்பின் முதல் கப்பலாக. அதே வகுப்பில் ஒரு கிர்பானும் இருந்தது. அந்தக் கிர்பானை 2023ல் இந்தியா வியட்நாமுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது. இரண்டாவது குக்ரி 32 ஆண்டுகள் வேலை பார்த்து 2021 டிசம்பரில் கொடியை இறக்கியது. அதை உடைக்கவில்லை, தியூ நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். முதல் குக்ரியும் அதன் 194 பேரும் கிடப்பது அந்தக் கரைக்கு வெளியே உள்ள கடலின் அடியில்தான்.